சொந்த ரவுட்டரும் நிலையான ஐபியும்: பிரிட்ஜ் மோட் செய்த வேலை

வணிக இணைய இணைப்போடு நிலையான (அதாவது, மாறாத) ஐபி முகவரிகளையும் சேர்த்து வாங்கியதே, வெளியிலிருந்து விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப்பாதை வழியாக அலுவலக சர்வரை அணுகுவதற்காகத்தான். நிறுவனம் தந்த மோடத்தில் விபிஎன் வசதி இல்லை என்பதால் என்னுடைய ரவுட்டரை அதன் பின்னால் பொருத்தத் தீர்மானித்தேன். கேபிள் இணைப்பு சிக்கலின்றி வந்து சேர்ந்தது.

சிக்கல் உதவி மையத்தில் தொடங்கியது. சொந்த ரவுட்டர் என்று சொன்னதுமே, மறுமுனையில் இருந்தவர் வேறெதுவும் கேட்காமல் மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது இணைப்பை அப்படியே ரவுட்டருக்குக் கடத்திவிடும் நிலைக்கு, மாற்றிவிட்டார். இணையம் வந்தது, புகாரும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டது. ஆனால் ரவுட்டரின் வான் (இணையத்தை நோக்கிய) பக்கத்தில் இருந்ததோ, முகவரியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி வழியாக வந்த வேறொரு முகவரி. காசு கொடுத்து வாங்கிய முகவரிகள் எதற்கும் வெளியிலிருந்து பதில் இல்லை. மறுபடி அழைத்தால், “இணையம் வேலை செய்கிறதல்லவா?” என்ற ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது.

தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி வற்புறுத்திய பிறகுதான் காரணம் தெரிந்தது. இவ்வகை கேபிள் இணைப்பில், குறிப்பிட்ட முகவரித் தொகுதி தன்னிடம் இருப்பதாக ரிப் (வழித்தகவலைப் பரிமாறும்) நெறிமுறை மூலம் வலையமைப்புக்கு அறிவிப்பது நிறுவனத்தின் மோடமே. அதை பிரிட்ஜ் மோடில் போட்டால் அந்த அறிவிப்பு நின்று, தொகுதிக்கு வழியே இல்லாமல் போய்விடும். பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறையின் பயனர் பெயரோடு நிலையான ஐபி வரும் இணைப்புகளில் பிரிட்ஜ் மோட்தான் சரி. ஆகவே உங்களுடையது எந்த வகை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மோடத்தைப் பழைய நிலைக்குத் திருப்பியாயிற்று. ரவுட்டரில் விவரங்களை நிரப்பலாம் என்றால், வந்திருந்த மின்னஞ்சலில் ஐபி முகவரிகள் மட்டுமே இருந்தன. சப்நெட் மாஸ்க்கும் (தொகுதியின் அளவைக் காட்டும் எண்) கேட்வேயும் (வெளியே போகும் வாசலான முகவரி) இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு மாஸ்க் 255.255.255.0 என்று அலட்சியமாகச் சொன்னார்கள். எங்களுடையது /29 தொகுதி: 8 முகவரிகளில் முதலும் கடைசியும் பயன்படாது, ஒன்று மோடத்துக்குப் போய்விடும், நமக்கு மிஞ்சுவது 5. அதற்குரிய மாஸ்க் 255.255.255.248. தவறான மாஸ்க்கைப் போட்டாலும் பெரும்பாலான தளங்கள் திறக்கும் என்பதால் பிழை எளிதில் கண்ணில் படாது. அதே வரிசையில் முகவரி வைத்திருக்கும் பிற வாடிக்கையாளர்களை மட்டும் எட்ட முடியாமல் திண்டாட நேரிடும். இந்த விவரங்களை எழுத்தில் பெறாமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.

அதன் பிறகும் விபிஎன் இணையவில்லை. உள்ளே வரும் இணைப்புகளை மோடத்தின் ஃபயர்வால் தடுத்துக்கொண்டிருந்தது. நிலையான முகவரிகளுக்கு மட்டும் அதை நிறுத்தும் தேர்வு, அமைப்புகளின் அடியாழத்தில் ஒளிந்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கைப்பேசியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் முயன்றபோது, முதல் தட்டிலேயே சர்வர் திறந்தது. அலுவலகத்துக்குள் இருந்தபடியே சோதித்துப் பார்ப்பதை நம்ப வேண்டாம்.

மின்னஞ்சல் சர்வர் வைக்க எண்ணுபவர்கள், ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவையும் (ஐபி முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) இணைய நிறுவனத்திடமே கேட்டுப் பெற வேண்டும். தொழில்நுட்பப் பிரிவில் பேசத் தெரிந்தவர் கிடைத்த அந்த அழைப்பிலேயே நான் அதையும் முடித்துக்கொண்டேன்.