வேடர் காடும் மகாவலித் திட்டமும்

கொழும்பில் நவீனமயமாதல் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கைத்தொலைபேசியையும் உடையையுமே குறிப்பிடுகிறோம். இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்களுக்கோ அது முதலில் நிலம் பற்றிய விடயம். மகாவலி ஆற்றை அணைகட்டிப் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்தும் துரித மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் நீரேந்து பகுதிகளைக் காப்பதற்கென 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, வேடர் கிராமமான தம்பானையைச் சூழ வாழ்ந்தவர்கள் தலைமுறைகளாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வந்த காடு சட்டப்படி மூடப்பட்டது. பலர் குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தனர். அப்போதைய தலைவர் திசாஹாமி மட்டும் ஒரு சில குடும்பங்களோடு வெளியேற மறுத்தார். பெயர்ந்தவர்களுக்கு நெற்காணி வழங்கியதை இழப்பீடு என்று கோப்பில் எழுதலாம். எந்த மரத்தில் எந்தப் பருவத்தில் தேன் இருக்கும் என்ற அறிவை வயல் வரம்பில் நின்று பிள்ளைக்குக் கற்பிக்க முடியாது. திசாஹாமியின் மகன் வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவில் ஆதிக்குடிகள் பற்றிய ஐ.நா. செயற்குழுவின் முன் தம் மக்களுக்காகப் பேசினார்.

கிழக்கில் வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழே பேசுகிறார்கள் (தலைநகரில் நம்மவர் பலர் இதை அறியார்). போரும் 2004 ஆழிப்பேரலையும் அவர்களை அலைக்கழித்தன. ஆயினும், அவர்களில் சிலர் தம்மை வேடர் என்று சொல்லிக்கொள்ளக் கூசுவதற்கு எந்த அணைக்கட்டும் காரணமன்று. அவர்களைத் தாழ்வாக நோக்கிய நமது சாதிப் பார்வையே காரணம் என்பது என் கருத்து.