ஃபோர்மட் செய்தும் தீராத நீலத்திரை

வீட்டுக் கொம்பியூட்டர் அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுபோனால், எல்லோரும் முதலில் சொல்வது "ஃபோர்மட் பண்ணுங்கோ" என்பதுதான். நாங்கள் கொடுத்த கடையிலும் அதையே சொன்னார்கள். "வைரஸ்தான் அண்ணா, விண்டோஸைப் புதுசா போட்டால் சரியாயிடும்" என்றார் அங்கிருந்த தம்பி. போட்டுத் தந்தார். ஆனால் எடுத்து வந்த அன்றிரவே, மகளின் உயர்தர வகுப்பு ஸூமில் நடக்கும்போது மறுபடியும் விழுந்தது. வெறும் விண்டோஸிலும் அதே கோளாறு என்றால் பிழை பெரும்பாலும் வன்பொருளில்தான் இருக்கவேண்டும். இனிமேல் ஊகத்தில் காசு செலவழிப்பதில்லை, கொம்பியூட்டர் தானே எழுதி வைத்திருப்பதைப் படிப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வேலையாக, நீலத்திரை வந்ததும் தானாக மீண்டும் தொடங்கும் வசதியை நிறுத்தினேன். சிஸ்டம் அமைப்புகளில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி' என்ற பகுதியில் அது இருக்கிறது. அதை நிறுத்தினால்தான் திரையில் வரும் பிழைப் பெயரை ஆறுதலாக எழுதி எடுக்கலாம்.

அடுத்து, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவர். அதில் 'கேர்னல் பவர் 41' என்று சிவப்பில் நிறையக் கிடந்தது. இதைப் பார்த்துவிட்டுப் பலர் உடனே பவர் சப்ளையை மாற்றிவிடுகிறார்கள். உண்மையில் அந்த 41 சொல்வது, கொம்பியூட்டர் ஒழுங்காக மூடப்படாமல் நின்றுவிட்டது என்பதை மட்டும்தான். ஏன் நின்றது என்று அது சொல்வதில்லை. பயன் தந்தது, நீலத்திரை வரும்போது பதிவாகி விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் மினிடம்ப் கோப்புகள். புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு முறையும் வேறு பெயர்: ஒன்றில் மெமரி மேனேஜ்மென்ட், இன்னொன்றில் பேஜ் ஃபோல்ட். குற்றம் சாட்டப்பட்ட டிரைவரும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) ஒவ்வொரு முறையும் வேறு. ஒரே டிரைவர் திரும்பத் திரும்ப வந்தால் அதைச் சந்தேகிக்கலாம். இப்படி மாறி மாறி வந்தால் முதலில் ரேமை, அதாவது கொம்பியூட்டரின் தற்காலிக நினைவகத்தைத்தான் பார்க்கவேண்டும்.

சூடு என்றார் பக்கத்து வீட்டு மாமா. பார்த்தேன், வெப்பநிலை சாதாரணம். கரண்ட் ஏறி இறங்குவதாலோ என்று யூபிஎஸ்ஸில் போட்டும் பார்த்தேன், அதே கதைதான்.

பிறகு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற மென்பொருள். இலவசம். யூஎஸ்பியில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமலே தொடங்கலாம். இரண்டு ரேமும் இருக்க ஓடவிட்டால் திரையில் பிழைகள் கொட்டின. ரேம் சோதனையில் ஒரு பிழை வந்தாலே அதை விட்டுவிடக் கூடாது. உடனே புது ரேம் வாங்கப் போயிருக்கலாம். ஆனால் பழுதானது எந்த ரேம் என்று தெரியவேண்டுமே! ஒன்றைக் கழற்றி மற்றதை மட்டும் சோதித்தேன், சுத்தம். அதே இடத்தில் கழற்றியதைப் போட்டேன், அதுவும் சுத்தம். சரி, இப்போது இடத்தை மாற்றுவோம் என்று, தேறிய ரேமையே மற்ற ஸ்லொட்டில் செருகினேன். பிழைகள் திரும்பின. பழுது ரேமில் இல்லை, அந்த ஸ்லொட்டில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் இது பிடிபட்டது.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர வீதியான மரைன் டிரைவுக்குப் பக்கத்தில். ஜன்னல் கம்பியே சீக்கிரம் துருப்பிடிக்கிற இடம். டோர்ச் அடித்துப் பார்த்தால் அந்த ஸ்லொட்டுக்குள் தூசி ஈரத்தோடு ஒட்டியிருந்தது, ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளும் மங்கியிருந்தன. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் வாங்கி வந்தேன். பிளக்கைக் கழற்றி, மென்மையான பிரஷால் ஸ்லொட்டையும், பஞ்சு சுற்றிய குச்சியால் தொடுமுனைகளையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். துடைக்கும்போது கறுப்பாக வந்தது.

இரண்டு ரேமையும் போட்டு இரவு முழுக்க மெம்டெஸ்ட்டை ஓடவிட்டேன். காலையில் பிழை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மினிடம்ப் கோப்புறையில் புதிதாக எதுவும் சேரவில்லை. மேசையை மட்டும் கடல் பக்க ஜன்னலிலிருந்து உள்சுவர் ஓரமாக நகர்த்தியிருக்கிறோம்.