பில்ட் நின்றுபோனால் முதலில் எந்த ஜாவா என்று பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் தண்ணீர் கேன் சப்ளை செய்யும் ஒரு அண்ணனுக்காக நாங்கள் செய்துகொடுத்த ஆப் அது. எந்த வீட்டில் எத்தனை 20 லிட்டர் கேன் போட்டார்கள், எத்தனை காலி கேன் திரும்ப வந்தது, பாக்கி எவ்வளவு என்பதையெல்லாம் டெலிவரிப் பையன்கள் போனிலேயே பதிந்துகொள்வார்கள். கையிலுள்ள சின்ன புளூடூத் பிரின்டரில் உடனே பில் வரும். மொபைல் ஆப் எழுதும் கருவித்தொகுப்பான ஃப்ளட்டரின் 3.16 பதிப்பில் எழுதியது. எழுதி முடித்த பிறகு பெரிதாகக் கை வைக்கத் தேவை வரவில்லை.

2025 ஆகஸ்ட்டில் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, கேன் டெபாசிட்டு ஏத்துறோம். பில்லுல அது தனி லைனா வரணும். பண்ணிடலாம்ல?" கோடில் சின்ன வேலைதான். ஆனால் அதே ஆகஸ்ட் 31 முதல், ப்ளே ஸ்டோரில் ஏற்றும் புது ஆப்பானாலும் அப்டேட்டானாலும் ஆண்ட்ராய்டு 15ஐ, அதாவது ஏபிஐ 35ஐ டார்கெட் செய்திருக்க வேண்டும் என்று விதி. அவகாசம் கேட்டு வாங்கினால் நவம்பர் 1 வரை தள்ளலாம். எங்கள் ஆப் 34இல் நின்றது. கோடை ஆப்பாக மாற்றும் வேலையை, அதாவது பில்டை, நடத்துவது கிரேடில் என்ற கருவி. 35க்குப் போக வேண்டுமென்றால் அதோடு சேரும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் குறைந்தது 8.6 வேண்டும், அதைத் திறக்க, ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் புதிதாக வேண்டும். ஆகவே முதல் வேலையாக ஸ்டூடியோவைப் புதுப்பித்தோம். புரொஜெக்டில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அதற்குள் பில்ட் நின்றுவிட்டது.

திரையில் வந்த செய்தி இது: 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65'. இதைப் பார்த்ததும் பலர் செய்வது ஃப்ளட்டர் கிளீன் கட்டளை, அப்புறம் கிரேடில் இறக்கி வைத்திருக்கும் கேஷ் மொத்தத்தையும் அழிப்பது, அதற்கப்புறம் கிடைக்கிற எல்லாவற்றையும் அப்கிரேட் செய்வது. இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது. கேஷை அழித்தால் எல்லாவற்றையும் திரும்ப டவுன்லோட் செய்ய வேண்டும். அது முடிந்ததும் அதே எரர் அதே இடத்தில் வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அப்கிரேட் செய்தால் எரர் மாறும், ஆனால் எது எதனால் வந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். கேஷ் கெட்டுப்போனதற்கு அதற்கே உரிய அடையாளம் உண்டு. 'குட் நாட் ரீட் ஒர்க்ஸ்பேஸ் மெட்டாடேட்டா' என்று வந்தால் தாராளமாக அழிக்கலாம்.

எங்களுக்கு வந்த செய்தியில் விடை அந்த எண்ணிலேயே இருக்கிறது. 65இலிருந்து 44ஐக் கழித்தால் 21. பில்டை ஓட்டுவது ஜாவா 21 என்று அர்த்தம். 61 என்று வந்தால் ஜாவா 17, 55 என்றால் 11, 52 என்றால் 8. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் லேடிபக் பதிப்பில் இருந்து உள்ளே வரும் ஜாவா 21ஆக மாறிவிட்டது. எங்கள் புரொஜெக்டில் இருந்ததோ கிரேடில் 7.5. ஜாவா 21இல் ஓடும் திறன் கிரேடிலுக்கு 8.5இல்தான் வந்தது. பழைய கிரேடில் புது ஜாவாவின் கிளாஸ் ஃபைலை (கம்பைல் ஆன கோடை) படிக்கத் தெரியாமல் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் கோடில் கோளாறு எதுவும் இல்லை.

டீமில் ஓசூரிலிருந்து வந்துபோகும் தம்பி ஒருவன் இருக்கிறான். ஜாவா 17ஐ இறக்கி, எந்த ஜாவாவை எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஜாவா ஹோம் வேரியபிளை அதற்கு மாற்றியும் விட்டான்.

"அண்ணா, ஜாவா ஹோம் மாத்திட்டேன். டெர்மினல்ல ஜாவா வெர்ஷன் கேட்டா 17னுதான் சொல்லுது. பில்ட் போட்டா மட்டும் அதே 65."

"ஃப்ளட்டர் டாக்டர் போடு, கூடவே மைனஸ் வி சேர்த்துக்கோ. ஆண்ட்ராய்டு டூல்செயின் பகுதியில ஜாவா பைனரின்னு ஒரு லைன் வரும். அதுல என்ன பாத் இருக்கு?"

மெஷினில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் கட்டளை அது. ஸ்டூடியோ ஃபோல்டருக்கு உள்ளே இருக்கும் ஜாவாவின் பாத்தைத்தான் காட்டியது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரே கம்ப்யூட்டரில், ஒரே புரொஜெக்டுக்கு மூன்று வெவ்வேறு ஜாவா வேலை செய்யலாம். ஸ்டூடியோவில் சிங்க் பொத்தானை அழுத்தினால், செட்டிங்ஸில் பில்ட் டூல்ஸ், கிரேடில் என்று போனால் தெரியும் 'கிரேடில் ஜேடிகே' (ஜேடிகே என்பது ஜாவா தொகுப்பு) எதுவோ அது ஓடும். டெர்மினலில் கிரேடில் ராப்பரை (புரொஜெக்டோடு வரும் கிரேடில் ஸ்கிரிப்டை) நேரடியாக ஓட்டினால் ஜாவா ஹோமில் இருப்பது ஓடும். ஃப்ளட்டர் கட்டளை வழியாக பில்ட் போட்டாலோ, ஃப்ளட்டர் தன் கணக்கில் தேடும்: கன்ஃபிக்கில் நாம் ஜேடிகே பாத் கொடுத்திருந்தால் முதலில் அது, இல்லாவிட்டால் ஸ்டூடியோவோடு வந்த ஜாவா, அதுவும் இல்லாவிட்டால்தான் ஜாவா ஹோம். ஸ்டூடியோ இன்ஸ்டால் ஆகியிருக்கும் மெஷினில் ஜாவா ஹோமை எத்தனை முறை மாற்றினாலும் ஃப்ளட்டர் அதைத் திரும்பியும் பார்க்காது. தம்பி செய்தது தவறில்லை. ஃப்ளட்டர் எட்டிப் பார்க்காத இடத்தில் செய்திருந்தான்.

ஃப்ளட்டர் கன்ஃபிக் கட்டளையில் 'ஜேடிகே டிர்' என்ற ஆப்ஷனுக்கு ஜாவா 17 ஃபோல்டரைக் கொடுத்தோம். டாக்டரை மறுபடி ஓட்டி பாத் மாறியதை உறுதி செய்துகொண்டோம். பில்ட் ஓடியது. பழைய புரொஜெக்ட், பழைய கிரேடில், பழைய பிளகின்கள், எல்லாம் அப்படியே. இந்த நிலையை உடனே, கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் ஒரு கமிட்டாக, டேக் போட்டு வைத்தோம். இனி எது உடைந்தாலும் திரும்பி வர ஒரு இடம் இருக்கிறது என்பது பெரிய தெம்பு. முன்னேறுவதற்கு முன் பழையதை ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

அப்புறம்தான் மேலே ஏறத் தொடங்கினோம். ஃப்ளட்டர் பதிப்பை மட்டும் தொடவே இல்லை, அது தனி வேலை. கிரேடிலும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகினும் ஜோடியாகத்தான் நகர வேண்டும். பிளகின் 8.6க்கு கிரேடில் குறைந்தது 8.7 என்று ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்தில் அட்டவணையே இருக்கிறது. கிரேடில் எண் ராப்பர் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் இருக்கும். பிளகின் எண்ணும் கோட்லின் மொழியின் எண்ணும் எங்கள் புரொஜெக்டில் செட்டிங்ஸ் கிரேடில் ஃபைலில் இருந்தன. இன்னும் பழைய புரொஜெக்டாக இருந்தால் அவை ஆண்ட்ராய்டு ஃபோல்டரின் பில்ட் கிரேடில் ஃபைலில் இருக்கும். கோட்லினை 1.7.10இலிருந்து 1.9.24க்கு ஏற்றினோம். ஜோடி பொருந்துகிறதா என்று சந்தேகம் வந்தால், ஃப்ளட்டர் அனலைஸ் கட்டளையோடு 'சஜெஷன்ஸ்' என்று சேர்த்து ஓட்டினால் அதுவே சொல்லிவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்த எரர்: 'நேம்ஸ்பேஸ் நாட் ஸ்பெசிஃபைட்'. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.0இல் இருந்து ஒவ்வொரு மாட்யூலும் தன் பில்ட் ஃபைலிலேயே நேம்ஸ்பேஸை, அதாவது தன் தனிப் பெயரை, சொல்லியாக வேண்டும். அதற்கு முன் மேனிஃபெஸ்ட் ஃபைலில் பேக்கேஜ் என்று ஒரு வரி இருந்தால் போதும். எங்கள் ஆப்பில் அது சரியாகவே இருந்தது. இடித்தது பிரின்டர் பிளகின், அதாவது பிரின்டரோடு பேச நாங்கள் சேர்த்திருந்த, வேறொருவர் எழுதிய துணைக் கோடு. அதை எழுதியவர் வெகுகாலமாக அதில் எதுவும் செய்யவில்லை. இலவசமாக எழுதிக் கொடுத்தவரிடம் போய் ஏன் மாற்றவில்லை என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது. அவர் எழுதியதில் இவ்வளவு நாள் பில் அடித்திருக்கிறோம்.

இதற்கு இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் வழி இரண்டு. ஒன்று, பிளகின்கள் இறங்கியிருக்கும் பப் கேஷ் ஃபோல்டருக்குள் புகுந்து பிளகினின் ஃபைலைக் கையாலேயே திருத்துவது. அது அந்த ஒரு மெஷினில் மட்டும் ஓடும், கேஷை ரிப்பேர் செய்தால் போய்விடும். இன்னொன்று, நேம்ஸ்பேஸ் இல்லாத எல்லா பிளகினுக்கும் ரூட் பில்ட் ஃபைலில் இருந்தே ஒரு ஸ்கிரிப்ட் மூலம் நேம்ஸ்பேஸ் ஊட்டிவிடுவது. அவசரத்துக்கு உதவும். ஆனால் எந்த பிளகின் கைவிடப்பட்டது என்பதையே அது கண்ணிலிருந்து மறைத்துவிடும். நாங்கள் பிளகினை ஃபோர்க் செய்து, அதாவது நகலெடுத்து, எங்கள் கிட்டில் வைத்துக்கொண்டோம். அதன் மேனிஃபெஸ்டில் இருந்த பேக்கேஜ் பெயரை எடுத்து பில்ட் ஃபைலில் நேம்ஸ்பேஸாகப் போட்டு, மேனிஃபெஸ்டில் இருந்து அந்த வரியை நீக்கினோம். பிளகின் பட்டியல் இருக்கும் பப்ஸ்பெக் ஃபைலில் அந்த பிளகினுக்கு எங்கள் கிட் முகவரியைக் கொடுத்தோம். மாற்றியது சில வரிகள்தான், என்றாலும் அந்தப் பிளகின் இனி எங்கள் பொறுப்பு.

அதே பிளகினில் இன்னொன்றும் காத்திருந்தது: 'இன்கன்சிஸ்டன்ட் ஜேவிஎம் டார்கெட்'. ஜாவா பகுதி 1.8 (அதாவது ஜாவா 8) என்றும் கோட்லின் பகுதி 17 என்றும் சொல்கிறது. கோட்லினுக்கு எதுவும் சொல்லாமல் விட்டால் ஓடுகிற ஜேடிகேயின் எண்ணை எடுத்துக்கொள்ளும். இந்தப் பொருத்தமின்மை கிரேடில் 8இல் எரராகவே பில்டை நிறுத்திவிடும். இரண்டையும் 17 என்று எழுதியதும் சரியாகிவிட்டது.

சோதனைக்கான டீபக் பில்ட் ஓடியது, பில்லும் வந்தது. இதோடு முடிந்தது என்று ஸ்டோருக்கு அனுப்பிவிடக் கூடாது. ஸ்டோருக்குப் போகும் ரிலீஸ் பில்டை ஒரு நிஜப் போனில் போட்டு, எல்லாத் திரையையும் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். எங்கள் ஆப் காலையில் ரூட்டை நினைவூட்ட ஒரு நோட்டிஃபிகேஷன் போடும். ரிலீஸ் பில்டில் அந்த இடத்தில் ஆப் அப்படியே மூடிக்கொண்டது. லாக்கில் 'மிஸ்ஸிங் டைப் பாராமீட்டர்' என்று இருந்தது. ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.0இல் இருந்து, ஆப்பைச் சுருக்கும் ஆர்8 கருவி ஃபுல் மோடில் ஓடுவது வழக்கமாகிவிட்டது. தேவையில்லை என்று அது கழித்துவிடும் தகவல்களில், தரவைப் படிக்கும் ஜிசான் லைப்ரரி நம்பியிருக்கும் டைப் விவரமும் சேர்ந்து போய்விடுகிறது. ஊகத்தில் நிற்காமல், கிரேடில் ப்ராப்பர்ட்டீஸில் ஃபுல் மோடை ஃபால்ஸ் என்று போட்டு ஒரு பில்ட் எடுத்துப் பார்த்தோம். ஆப் மூடவில்லை. காரணம் உறுதியானதும் அந்த வரியை எடுத்துவிட்டு, சிக்னேச்சர் விவரத்தையும் ஜிசானின் டைப் டோக்கன் கிளாஸையும் கழிக்காதே என்று ஆர்8க்கான ப்ரோகார்டு விதி எழுதினோம். ஃபுல் மோடை நிரந்தரமாக அணைத்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆப் சின்னதாக இருப்பது, விலை குறைந்த போன் வைத்திருக்கும் டெலிவரிப் பையன்களுக்குத்தான் முதலில் உதவும்.

கடைசியாக மாட்டியது ஒரு பொத்தான். ஏபிஐ 35ஐ டார்கெட் செய்தால், ஆண்ட்ராய்டு 15 போனில் ஆப் திரையின் விளிம்புவரை பரவியே தீரும். அடியில் இருந்த 'பில் போடு' பொத்தானில் பாதி, மூன்று பொத்தான் நேவிகேஷன் பட்டைக்குக் கீழே போய்விட்டது. ஜெஸ்சர் நேவிகேஷன் வைத்திருந்த என் போனில் அது கண்ணில் படவே இல்லை. தம்பியின் போனில்தான் தெரிந்தது. ஸ்டைல் ஃபைலில் ஒரு விலக்கு வரி போட்டு இதைத் தள்ளிப்போடலாம், ஆனால் ஏபிஐ 36க்குப் போனால் அந்த விலக்கு செல்லாது. அதனால் எல்லாத் திரையையும், பட்டைகள் மறைக்காத சேஃப் ஏரியாவுக்குள் வைத்துவிட்டோம்.

ப்ளே ஸ்டோரின் இன்டர்னல் டெஸ்டிங்கில் ஏற்றி, அல்சூரில் ஒரு ரூட்டுக்கு மட்டும் கொடுத்தோம். சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன். "தம்பி, டெபாசிட்டு தனியா வருது, சூப்பரு. மிச்சப் பசங்களுக்கும் விட்டுருங்க." விட்டோம்.

புரொஜெக்டின் ரீட்மீ ஃபைலில் இப்போது நான்கு எண்கள் முதலிலேயே இருக்கின்றன: ஜேடிகே 17, கிரேடில் 8.7, ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.6, கோட்லின் 1.9.24. புதிதாக யார் மெஷினில் இறக்கினாலும் டாக்டர் காட்டும் ஜாவா பாத்தை இதோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பில்ட் போட வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறோம். அடுத்தது 16 கேபி பேஜ் (நினைவகத் துண்டு) அளவுக்கு ஆப் பொருந்துவது. ஆண்ட்ராய்டு 15ஐ டார்கெட் செய்யும் ஆப்களுக்கு அது 2025 நவம்பர் 1 முதல் கட்டாயம். பிரின்டர் பிளகினில் நேட்டிவ் லைப்ரரி (சி போன்ற மொழிகளில் எழுதிய கோடு) எதுவும் இல்லை. பார்கோடு ஸ்கேன் செய்யும் பிளகினில் இருக்கிறது. ஸ்டூடியோவின் ஏபிகே அனலைசரில் திறந்து அதன் அலைன்மென்டைப் பார்க்கச் சொல்லி தம்பியிடம் கொடுத்திருக்கிறேன்.