மார்கழியில் ஆட்டுக்கால்

சேலத்துக்குக் குளிர் வந்துவிட்டது. விடிகாலையில் 20 டிகிரிதான். அதற்கே எங்கள் மாமா காதில் மப்ளர், காலில் சாக்ஸ், மேலே இரண்டு சால்வை என்று இமயமலைக்குக் கிளம்பியவர் மாதிரி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அவர் நாலு தடவை இருமினால் போதும், என் வீட்டுக்காரருக்கு அப்பா பாசம் பொங்கிவிடும். போன ஞாயிறு பொங்கிய பொங்கலில் பைக்கை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்கே போய்விட்டார். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிக் கொண்டுவந்தது இரண்டு கிலோ முடவாட்டுக்கால் கிழங்கு. தெருமுனையில் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால் மட்டும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கிழங்கைப் பார்த்திருப்பீர்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு பெரணியின் கிழங்குதான். ஆனால் உடம்பெல்லாம் பழுப்பு ரோமத்தோடு சிங்க்கில் கிடந்தால் சாட்சாத் ஆட்டுக்கால். சீவச் சீவ ரோமம் பறந்து மூக்கில் ஏறுகிறது, கத்தி வழுக்குகிறது. ஒருவழியாகத் துண்டு போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு மிக்ஸியில் போட்டால், இரண்டு சுற்று சுற்றிவிட்டு அது படுத்துவிட்டது. கவிழ்த்துப் போட்டு அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எதிர்வீட்டு அக்கா கோலமாவு கேட்டு வந்தார்.

அவர் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். அக்கா என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார், சிங்க்கைப் பார்த்தார், கோலமாவு வாங்காமலே திரும்பிவிட்டார். எங்கள் வீட்டில் கிளம்பிய கால், தெருமுனைக்குப் போவதற்குள் முழு ஆடாகிவிட்டது. இஸ்திரி போடும் அண்ணன், "மார்கழியிலயும் கறி நல்லா கெடைக்குதுங்களா?" என்று பவ்யமாக விசாரித்தார்.

அரைத்து, கொதிக்கவிட்டு, டீ வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக வடித்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு. குளிர் போய் வெயில் கொளுத்துகிறது. ஃபேனை அஞ்சில் வைத்துக்கொண்டு எல்லோரும் வேர்க்க வேர்க்க சூப் குடித்தோம். மாமா முதலில் மப்ளரைக் கழற்றினார், அப்புறம் சால்வை, கடைசியில் சட்டை.

சரி, குடும்ப மானத்தையாவது காப்பாற்றுவோம் என்று ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். "அக்கா, இது கிழங்குங்க, சுத்த சைவம்" என்றேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று, அடியில் தங்கிய மிளகு வரைக்கும் ஒரே மூச்சில் குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார்.

"கார்த்திகை ஒண்ணாந்தேதியிலிருந்து நாக்கு செத்துக் கெடந்துச்சு கண்ணு. சாமிகிட்ட மட்டும் சொல்லிடாத."

"அக்கா, நெசமாவே கிழங்குதாங்க."

"ஆமாமா, கிழங்குதான்" என்று டம்ளரை நீட்டினார். "எலும்ப எல்லாம் நீங்களே வெச்சுக்கிட்டீங்களாக்கும்?"