அகலேகா ஒப்பந்தம் அந்த மக்கள் கைக்கு வரட்டும்

நம் மொரிஷியஸின் அகலேகா தீவுகளில் இந்தியா ரகசிய விமானத்தளம் கட்டிவிட்டது என்று மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கட்டியதில் ரகசியம் இல்லை. 2015இல் ஒப்பந்தம் போட்டு, 2024 பிப்ரவரி 29 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் காணொளியில் திறந்துவைத்தார்கள். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வடக்குத் தீவின் தென்னந்தோப்புகளைப் பிளந்துகொண்டு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்குச் சாம்பல் நிற ஓடுதளம். அங்கே வாழ்வதோ முந்நூறு பேர் சொச்சம். ராணுவத் தளம் இல்லை என்று நம் அரசு சொன்னது. சரி, இவ்வளவு நீளம் எதற்கு என்று மக்கள் கேட்கத்தானே செய்வார்கள்?

சாகோஸ் தீவுக்கூட்டத்தில் அமெரிக்க ராணுவத் தளம் உள்ள தியேகோ கார்சியா தீவு தந்த காயம் நமக்கு இன்னும் ஆறவில்லை. அந்தத் தளத்துக்காகச் சாகோஸ் மக்களைப் பிரிட்டிஷார் 1968 முதல் 1973க்குள் அப்புறப்படுத்தினார்கள். பலரை நம் தலைநகர் போர்ட் லூயிஸில் இறக்கிவிட்டார்கள். கைதிகளை ஏற்றிய அமெரிக்க விமானம் எதுவும் தியேகோ கார்சியாவில் இறங்கவில்லை என்று சொல்லிவந்த பிரிட்டன், இரண்டு இறங்கியதாக 2008இல் ஒப்புக்கொண்டது. 2014இல் காணாமல்போன மலேசிய விமானம் எம்எச்370 அங்கேதான் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்றும் ஒரு வதந்தி ஓடியது. அதன் இறக்கைத் துண்டு 2015இல் ரியூனியன் கரையில் ஒதுங்கியது. ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையையும் இந்த வதந்தியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், தயவுசெய்து.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அகலேகா ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் அங்குள்ளவர்களுக்கு அவர்கள் பேசும் க்ரியோல் மொழியில் கிடைக்க வேண்டும்.