அனி: எல்லைக்கு அப்பால் ஒரு தலைநகர்

ஆர்மீனியர்களின் பழைய தலைநகரான அனி இன்று துருக்கியில் இருக்கிறது. அகுரியன் ஆற்றின் மறுகரையில் ஆர்மீனியா. இடையே இருந்த கற்பாலம் எப்போதோ இடிந்துவிட்டது.

961-இல் பக்ராதுனி என்ற ஆர்மீனிய அரச மரபினர் தலைநகராக்கிய ஊர் இது. 1001-இல் இங்கே பேராலயத்தைக் கட்டி முடித்த கட்டடக் கலைஞர் திர்தாத், பூகம்பத்தில் சிதைந்த ஹாகியா சோபியாவின் (கான்ஸ்டாண்டிநோபிளின், இன்றைய இஸ்தான்புல்லின், புகழ்பெற்ற தேவாலயம்) குவிமாடத்தையே செப்பனிட்டவர். எப்பேர்ப்பட்ட கை!

1045-இல் பைசாந்தியர் (கிழக்கு ரோமானியர்), 1064-இல் செல்ஜுக் துருக்கியர், 1236-இல் மங்கோலியர் என்று அடிமேல் அடி. 1319 பூகம்பத்தில் பேராலயத்தில் திர்தாத் எழுப்பிய குவிமாடமும் சரிந்தது. அனியின் மீட்பர் தேவாலயமோ 1957 வரை தாக்குப்பிடித்தது. ஒரு புயலில் மேலிருந்து கீழாகப் பிளந்து, பாதி விழுந்தது. மீதிப் பாதி, உட்சுவர் வெளியே தெரிய, இன்னும் நிற்கிறது.

2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அனியைச் சேர்த்ததில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. இதைக் கட்டியவர்கள் ஆர்மீனியர்கள் என்பதை அங்கே வரும் ஒவ்வொருவருக்கும் உரக்கச் சொல்ல வேண்டும்.