எல்ஜின் வீட்டுக் கடன்

லண்டனுக்கும் ஸ்காட்லாந்துக்கும் வரும் தமிழ்ச் சுற்றுலாக் குழுக்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தில், ஏதென்ஸின் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தெனானின் சிற்பக் கூடத்துக்குள் நுழைந்ததும், "இதையெல்லாம் யாருங்க தூக்கிட்டு வந்தது?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். எல்ஜின் பிரபு என்று சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போய்விடலாம். எனக்கு மனசு வராது, அந்தக் குடும்பத்தின் கதையை முழுக்கச் சொன்னால்தான் அந்தக் கல்லே புரியும் என்று நினைக்கிறவன் நான்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்களே, எல்ஜின் என்ற பரம்பரைப் பட்டத்தில் ஏழாவதான தாமஸ் புரூஸ் இரண்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்தார். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் புரூம்ஹால் மாளிகை வேலை நடந்துகொண்டிருந்தது, 1799-ல் திருமணம், அதே ஆண்டு துருக்கியரின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளுக்குத் (இன்றைய இஸ்தான்புல்) தூதர் பதவி. கிரேக்கச் சிற்பங்களை வரைந்தும் அச்செடுத்தும் கொண்டுவரலாம் என்பதுதான் முதலில் இருந்த திட்டம். ஏதென்ஸும் அப்போது துருக்கியர் ஆட்சியில்தான் இருந்தது. 1801-ல் அவருடைய ஆட்கள் அசலையே இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். குதிரை ஊர்வலப் பலகைகளைக் காட்டும்போது ஒன்றை மறக்காமல் சொல்வேன்: கனம் குறைவதற்காகப் பல கற்களின் பின்பக்கத்தை ரம்பத்தால் அறுத்துத்தான் கப்பலேற்றினார்கள். இதைக் கேட்டதும் நம் ஆட்கள் முகம் மாறிவிடும், கோயில் கல்லாச்சே.

சிற்பங்களோடு போன கப்பல் ஒன்று 1802-ல் மூழ்கியது, அவற்றைக் கடலிலிருந்து எடுக்கவே பெரும் செலவு. ஊர் திரும்பும் வழியில் அவரைப் பிரான்சில் 1806 வரை பிடித்து வைத்தார்கள். அப்புறம் விவாகரத்து. கடைசியில் 1816-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் சிற்பங்களுக்குக் கொடுத்த விலை 35,000 பவுண்டு, அவர் செலவு செய்ததாகச் சொன்னதில் பாதிகூட இல்லை.

அந்தக் கடன் மகன் தலையில் விழுந்தது. எட்டாவது எல்ஜின் ஜேம்ஸ், பிரபு வீட்டுப் பிள்ளை, சம்பளத்துக்காகக் கடல் கடந்தார்: 1842-ல் ஜமைக்கா, 1847-ல் கனடா. கனடாவில் அவர் நடந்துகொண்டதை நான் கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்வேன். 1849-ல், அங்கே முன்பு நடந்த கலகத்தில் சொத்து இழந்தவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார் என்று மான்ட்ரியலில் கூட்டம் அவர் வண்டி மேல் முட்டையும் கல்லும் எறிந்தது, அன்று இரவே நாடாளுமன்றக் கட்டடத்தைக் கொளுத்தியது. அவர் பதிலுக்குப் படையை ஏவவில்லை. அதே மனிதர்தான் சீனாவுடன் நடந்த போரின்போது, 1860 அக்டோபரில் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்), தங்கள் தரப்புக் கைதிகள் சிலர் சித்திரவதையில் இறந்ததற்குப் பழியாக, சீனப் பேரரசரின் கோடைகால அரண்மனையை எரிக்க உத்தரவிட்டார். எவ்வளவு படித்தாலும் இந்த இரண்டையும் என்னால் ஒரே ஆளுக்குள் வைத்துப் பார்க்க முடிவதில்லை. அப்பாவின் கடன் அவரை வெளிநாட்டுக்கு அனுப்பியது, சரி. தீ வைக்கச் சொன்னது கடன் இல்லை, அவர்தான்.

1862-ல் இந்தியாவின் வைஸ்ராய் ஆனார். மறு ஆண்டே தர்மசாலாவில் இறந்து அங்கேயே அடக்கம். கலவரம் நடந்த அதே 1849-ல், அதே மான்ட்ரியலில் பிறந்த அவர் மகன் விக்டர், ஒன்பதாவது எல்ஜின், 1894-ல் வைஸ்ராயாக வந்தார். பம்பாயில் பிளேக் பரவியதும், 1896-97 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்ததும் அவர் காலத்தில்தான். நம் பள்ளிப் பாடத்தில் இரண்டு எல்ஜின்களும் வெறும் பெயர்களாக வந்துபோவார்கள், அந்தப் பெயரை இந்தச் சிற்பங்களோடு சேர்த்து யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குழுவில் வந்திருந்தார். தர்மசாலா தேவாலயத் தோட்டத்தில் எல்ஜின் கல்லறையைப் பார்த்திருக்கிறாராம். "அது இவர் பையனா தம்பி?" என்று கேட்டுவிட்டு, திரும்பவும் முதல் பலகையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் அந்தக் கூடத்துக்கு ஒதுக்கிய நேரம் எப்போதோ முடிந்திருந்தது, நான் ஆரம்பித்தேன்.